கோபன்ஹேகன் விருந்தும் நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வியும்





2022ஆம் ஆண்டின் கோடையில், டென்மார்க்கில் பணிபுரியும் எங்கள் மகனைக் காணச் சென்றிருந்தோம். எங்களுக்குத் திருமணமாகி முப்பது ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, கோபன்ஹேகன் நகரின் நோமா உணவகத்தில் அவன் எங்களுக்கு விருந்தளித்தான். ஊர் திரும்பியபின் இச்செய்தி உறவினரிடையே எப்படியோ பரவிவிட்டது. சந்திப்போரெல்லாம் இரண்டு கேள்விகளையே மாற்றி மாற்றிக் கேட்டனர். இளையோர், "அங்கே என்னதான் கொடுத்தார்கள்?" என்றனர். மூத்தோர், "அங்கே நாம் சாப்பிடக் கூடுமா?" என்றனர். முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவதற்கும் ஓரளவு ஆயத்தமாகவே சென்றிருந்தோம். எவரும் கேளாத, அன்று நாங்களும் கேட்கத் தவறிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. சில மாதங்கள் கழித்து ஒரு செய்தியைப் படித்தபோதுதான் அது எங்களுக்கு உறைத்தது. அதை எழுதவே இக்கட்டுரை.

நோமாவை அறியாதோருக்குச் சிறு அறிமுகம். 2003இல் கோபன்ஹேகன் துறைமுகப் பகுதியின் பழைய கிடங்கு ஒன்றில் தொடங்கப்பட்ட உணவகம் அது. ‘நார்டிக் உணவு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முதல் அசைகளைச் சேர்த்து அப்பெயரை அமைத்தனர். பிரான்சையும் இத்தாலியையும் பார்த்துச் சமைப்பதை விட்டு, வடபுலத்து மண்ணில் விளைபவற்றையும், காட்டிலும் கடலோரத்திலும் பறித்து வருபவற்றையும் கொண்டே சமைப்பது என்பது அவர்களின் கொள்கை. உலகின் தலைசிறந்த 50 உணவகங்கள் என்ற பட்டியலில் 2010, 2011, 2012, 2014, 2021 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அது முதலிடம் பெற்றது. மிஷ்லின் வழிகாட்டியின் மூன்றாவது நட்சத்திரமும் 2021இல் கிடைத்தது. 2018இல் நகரின் மற்றொரு பகுதிக்கு, நீர்நிலையை ஒட்டிய இடத்திற்கு மாறினார்கள். ஒரு காலத்தில் டேனிஷ் கடற்படை கண்ணிவெடிகளைச் சேமித்து வைத்த கட்டடம் அங்கே இன்று சமையற்கூடத்தின் பகுதியாக இருக்கிறது. பக்கத்தில் கண்ணாடிப் பசுங்குடில்கள்.

நாங்கள் சென்றபோது இதன் தலைமைச் சமையற்கலைஞராக இருந்தவர் ரெனே ரெட்செபி. அவருடைய தந்தை மாசிடோனியாவைச் சேர்ந்த அல்பேனிய முஸ்லிம். டென்மார்க்கில் குடியேறி டாக்ஸி ஓட்டியவர். தாய் டேனிஷ்காரர். இளமையில் தந்தையின் ஊரில் கழித்த நாட்களையும், நிலத்திலிருந்து நேராக அடுப்புக்கு வந்த உணவையும் ரெட்செபி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். நம்மவர்களில் சிலர் இத்தகைய செய்தி கிடைத்தவுடன் அம்மனிதரையே நம் கணக்கில் எழுதிக்கொள்வர். அது நமக்கு வேண்டாத வேலை. அவருடைய நம்பிக்கை அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடைப்பட்டது. ஆனால் 2005இல் கேலிச்சித்திரங்களால் முஸ்லிம் உலகின் மனத்தைப் புண்படுத்திய நாளிதழ் வெளிவந்த நாடு அது; 2018இல் பொது இடத்தில் முகத்திரைக்குத் தடை விதித்த நாடும் அதுவே. அந்நாட்டின் உணவு இன்னதென்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர், பிழைப்புத் தேடி வந்த ஒரு முஸ்லிம் தொழிலாளியின் மகன் என்பதில் எங்களுக்கு ஒரு சிறு மனநிறைவு இருந்ததை மறைக்கவில்லை.

முன்பதிவு செய்யும்போதே சிக்கல் தொடங்கியது. ஒவ்வாமை ஏதும் உண்டா, தவிர்க்கவேண்டிய உணவு ஏதும் உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். எங்கள் மகன் ‘பன்றி இறைச்சி ஒவ்வாமை, மது ஒவ்வாமை’ என்று நிரப்பி வைத்திருந்தான். "ஏனப்பா, நமக்கு ஒவ்வாமையா இருக்கிறது?" என்று கேட்டதற்கு, "அத்தா, அப்படி எழுதினால்தான் இவர்கள் அஞ்சிக் கவனமாக இருப்பார்கள். மார்க்கம் என்று எழுதினால் ஒரு துளி விழுந்தால் என்ன என்று நினைத்துவிடலாம்" என்றான். அவன் சொன்னதில் உலக அனுபவம் இருக்கிறது. பல நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் பலரும் இதையே செய்கிறார்கள் என்பதைப் பின்னர் விசாரித்து அறிந்தோம். இருந்தாலும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. பொய் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம் ஈமானை நாமே ஒரு நோயின் பெயரால் அறிமுகப்படுத்திக்கொள்வதாக அது தோன்றியது. அதை அழித்துவிட்டு, ‘நாங்கள் முஸ்லிம்கள், பன்றி, மது, முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் இறைச்சி, அதன் கொழுப்பு, அதிலிருந்து எடுத்த ஜெலட்டின் ஆகியவற்றை உண்பதில்லை’ என்று எழுதச் சொன்னோம். எழுதினான். சமையலிலோ சாற்றிலோ மது கலந்திருக்குமா என்று கேட்டு ஒருமுறை, எறும்பு முதலிய பூச்சிகளைப் பற்றி ஒருமுறை என மேலும் இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பினோம். மூன்றுக்கும் மரியாதையாகவே பதில் வந்தது.

எறும்பா என்று வியப்போர் இருப்பர். எலுமிச்சை விளையாத நாட்டில் புளிப்புக்கு என்ன செய்வது என்று தேடியவர்கள் காட்டெறும்பைக் கண்டடைந்தார்கள். அதன் உடலிலுள்ள அமிலம் எலுமிச்சையின் சுவையைத் தருமாம். 2012இல் லண்டனில் அவர்கள் நடத்திய தற்காலிக விருந்தில் எறும்புகளைப் பரிமாறியது உலகச் செய்தியானது. நம் மார்க்கத்தில் எறும்பைக் கொல்வதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் அறிவிப்பு இருக்கிறது. கொல்லக் கூடாது எனத் தடுக்கப்பட்ட உயிரை உண்பதும் கூடாது என்பது அறிஞர்களின் விளக்கம். வெட்டுக்கிளிக்கு மட்டும் அனுமதி உண்டு என்பதை நாம் அறிவோம்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதும் இத்தகைய இடங்களில் பாதி வேலையை முடித்துவிடுகிறது. நோமா ஆண்டை மூன்றாகப் பிரித்துச் சமைத்துவந்தது. குளிர்காலத்தில் தொடங்கிக் கடலுணவு, கோடையில் காய்கனிகள், இலையுதிர் காலத்தில் காட்டு விலங்குகளும் பறவைகளும். மூன்றாவது பருவத்தில் நமக்கு அங்கே வேலை இல்லை. முதல் பருவத்தில் போயிருந்தால் எங்கள் மேசையிலேயே ஒரு மத்ஹபு விவாதம் நடந்திருக்கும். எங்களில் ஒருவர் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, ஹனஃபி. மற்றவர் காயல்பட்டினத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஷாஃபி. கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே கூடும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபி மத்ஹபில் சிப்பியும் கணவாயும் தாராளமாகக் கூடும். முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டு அடுப்பில் கணவாய் ஏறும் நாளில் இன்னொரு சட்டியில் மீன் தனியாகக் கொதிப்பது வழக்கம். இறைவன் அருளால் நாங்கள் சென்றது காய்கனிப் பருவம். அந்த விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

குடிபானத்திலும் பெருங்கவலை ஏற்படவில்லை. பெரும்பாலான உயர்தர உணவகங்களில் மது வேண்டாம் என்றால் தண்ணீரோ குளிர்பானமோதான் கதி. நோமாவில் ஒவ்வொரு உணவுக்கும் இணையாக ஒரு சாறு என்று தனி வரிசையே வைத்திருந்தார்கள். ஆனால் புளிக்கவைப்பதில் அவர்கள் பெயர் பெற்றவர்கள். அதற்கென்றே தனி ஆய்வுக்கூடம் உண்டு. 2018இல் அதுபற்றித் தடித்த நூல் ஒன்றும் வெளியிட்டார்கள். எனவே புளிக்கவைத்த தேநீர் வகைகளில் சிறிதளவு மதுச்சத்து இயல்பாகவே உருவாகும் என்பதைக் கருதி, புதிதாகப் பிழிந்தவற்றை மட்டும் தரும்படி கேட்டுக்கொண்டோம். வினிகர் குறித்து எங்களுக்குத் தயக்கமில்லை. நபி (ஸல்) அவர்கள் அதை ரொட்டிக்கு நல்ல துணையுணவாகப் புகழ்ந்ததை முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

இனி அந்த மாலை. ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தோம். வாயிலில் பணியாளர்கள் பலர் வரிசையாக நின்று வரவேற்றார்கள். எங்களில் ஒருவர் ஹிஜாப் அணிந்திருந்தார். அதை எவரும் உற்றுப் பார்க்கவில்லை. அந்நகரின் பேருந்துகளில் அப்படிச் சொல்ல முடியாது. ஏறத்தாழ இருபது சிறு தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பூக்கள், பயறு வகைகள், கிழங்கு, காளான், கடற்பாசி. ஒரு பச்சைப்பட்டாணிக்கு இத்தனை இனிப்பு உண்டா என்று வியந்தோம். ஓர் இலையின்மீது அடுக்கியிருந்த நறுமணத் தழைகளை மென்றபோது, படைத்தவன் இவற்றுக்குள் எதையெல்லாம் வைத்திருக்கிறான் என்று இருவரும் ஒரே நேரத்தில் ‘சுப்ஹானல்லாஹ்’ என்றோம். 2018இல் இதே உணவகம் செலரி கிழங்கை மெல்லியதாகச் சீவி, அடுக்கி, செங்குத்துக் கம்பியில் சுட்டு ‘ஷவர்மா’ என்று பரிமாறிப் புகழ்பெற்றது. அந்நகரின் நோரப்ரோ பகுதியில் அரபியரும் துருக்கியரும் நடத்தும் உண்மையான ஷவர்மா கடைகள் நிறைய. முந்தைய நாள் அங்கேதான் இரவுணவு உண்டோம். ரசிப்பதற்கு இரண்டும் நன்று. பசிக்கு நோரப்ரோ நன்று.

மனத்தை உறுத்தியவற்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மேசையில் மது இல்லை. சுற்றிலும் எல்லா மேசைகளிலும் இருந்தது. மது சுற்றிவரும் விரிப்பில் அமர்வதைத் தடுக்கும் அறிவிப்பு திர்மிதியில் உள்ளது. அது ஒரே விரிப்பில் அவர்களோடு அமர்வதைக் குறிக்கும், பொதுக்கூடத்தில் தனி மேசையைக் குறிக்காது என்று அறிஞர்கள் சிலரும், அத்தகைய இடத்திற்கே செல்லாமலிருப்பது பேணுதல் என்று வேறு சிலரும் கூறுகின்றனர். நாங்கள் முதல் கருத்தின்படி சென்றோம். ஆனால் இரண்டாவது கருத்தினர் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதும் அங்கே அமர்ந்திருந்தபோது விளங்கியது. நேரம் ஆக ஆகப் பக்கத்து மேசைகளின் பேச்சும் சிரிப்பும் மாறின. கடைசி இனிப்பு வரும்வரை காத்திராமல் எழுந்துவிட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. அக்காலத்தில் அங்கே இரவு ஒன்பதரை மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். வெளியே வந்து நீர்க்கரைப் புல்வெளியில் மகனோடு மக்ரிப் தொழுதோம். அன்றைய மாலையில் மிகவும் நினைவில் நிற்பது எது என்று கேட்டால் அந்த மூன்று ரக்அத்துகளைத்தான் சொல்வோம்.

விலையை மகன் எங்களிடம் மறைத்துவிட்டான். பிறகே தெரிந்தது: ஒருவருக்கு உணவு மட்டும் ஏறத்தாழ 500 அமெரிக்க டாலர், அதாவது அன்றைய மதிப்பில் நாற்பதாயிரம் ரூபாய். இருவருமாகச் சற்று நேரம் பேச்சற்றுப் போனோம். இது இஸ்ராஃப் என்னும் வீண்விரயம் ஆகாதா?

இக்கேள்வியை எழுப்புவோர் பெரும்பாலும் அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தைக் காட்டுவர். உண்ணவும் பருகவும் அனுமதித்து வரம்பு மீறுவதைத் தடுக்கும் வசனம் அது. செல்வந்தர்களோ அடுத்துள்ள 32ஆம் வசனத்தோடு நின்றுவிடுவர். அடியார்களுக்காக இறைவன் வெளிப்படுத்திய அலங்காரத்தையும் நல்லுணவையும் தடுத்தவர் யார் என்று வினவும் வசனம். இரண்டும் அடுத்தடுத்து இருப்பது தற்செயல் என்று எங்களால் நினைக்க முடியவில்லை. வாழ்வில் ஒருமுறை, மகன் தன் உழைப்பில் சேமித்துப் பெற்றோருக்கு அளித்த விருந்து. தட்டில் ஒரு பருக்கையும் வீணாகவில்லை. நம் வலீமாக்களில் குப்பைத் தொட்டிக்குப் போகும் பிரியாணியை எண்ணிப் பார்த்தால், விரயம் என்று விரல் நீட்டும் தகுதி நம் சமுதாயத்துக்கு மிகக் குறைவு. ஆயினும் மனம் முற்றிலும் அமைதியடையவில்லை. இரண்டாம் முறை எவரேனும் அழைத்தால் போகமாட்டோம் என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். இதை மற்றவர்மேல் சட்டமாகச் சுமத்தும் எண்ணம் இல்லை.

இவ்வளவும் நாங்கள் எதிர்பார்த்த கேள்விகள். எதிர்பாராதது அவ்வாண்டு அக்டோபருக்குப் பின் வந்தது. நோமா தன் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் வழங்கத் தொடங்கியுள்ளது என்பதே செய்தி. வாசித்தவுடன் புரியவில்லை. தொடங்கியுள்ளது என்றால், அதற்கு முன்?

அதற்கு முன் இல்லை. உலகின் பல நாடுகளிலிருந்து சமையற்கலை பயின்ற இளைஞர்கள் தம் சொந்தச் செலவில் அங்கே வந்து தங்கி, மாதக்கணக்கில் ஊதியமின்றி உழைத்தார்கள். உயர்தர உணவகங்களின் உலகில் இது நெடுங்காலப் பழக்கம். ‘ஸ்டாஜ்’ என்று அதற்குப் பிரெஞ்சில் ஒரு நாகரிகமான பெயரும் உண்டு. இலையிலிருந்து தண்டை நீக்குவது, பூவிதழ்களைப் பிரித்து அடுக்குவது போன்ற, நூறு கைகள் தேவைப்படும் நுண்வேலைகள் பெரும்பாலும் இவர்களுக்கே. இந்தியாவிலிருந்து சென்ற ஒரு பெண் பயிற்சியாளர், 2017இல் தம் மூன்று மாதப் பயிற்சியின் பெரும்பகுதியை உலர்த்திய பழக்கூழால் வண்டு உருவங்களைச் செய்வதிலேயே கழித்ததாக நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் கூறினார். பேசாமல் வேலை செய்யவேண்டும் என்பது விதியாம். ஊதியம் வழங்கத் தொடங்கியதால் மாதம் ஐம்பதாயிரம் டாலருக்குக் குறையாமல் செலவு கூடியது என்றும் அந்நாளிதழ் எழுதியது. 2023 ஜனவரியில் அதே நாளிதழிடம், இத்தகைய உணவகத்தை இம்முறையில் தொடர்ந்து நடத்த இயலாது, 2024 இறுதியோடு வழக்கமான உணவகமாக இயங்குவதை நிறுத்தப்போகிறோம் என்று ரெட்செபி அறிவித்தார். அவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமன்று. தம் சமையற்கூடத்தில் தாம் கத்தியதையும் ஊழியரை அச்சுறுத்தியதையும் 2015இலேயே கட்டுரை எழுதி ஒப்புக்கொண்டவர் அவர். அத்துறையில் அவ்வளவு வெளிப்படையாகப் பேசியோர் அதிகமில்லை.

எங்களைத் தைத்தது வேறு. நாங்கள் சென்றது 2022 கோடை. ஊதியம் தொடங்கியது அக்டோபர். அந்த நறுமணத் தழைகளை ஒவ்வொன்றாக அடுக்கிய விரல்களுக்கு உரியவருக்கு அன்று கூலி இருந்திருக்காது. அவற்றை மென்றுகொண்டுதான் ‘சுப்ஹானல்லாஹ்’ என்றோம். மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினோமே! ஜெலட்டினைக் கேட்டோம். எறும்பைக் கேட்டோம். ஒரு துளி மதுவைக் கேட்டோம். சமைப்பவருக்குக் கூலி உண்டா என்று கேட்கவேண்டும் என எங்களுக்குத் தோன்றவே இல்லை.

தோன்றாததற்கு மார்க்கம் காரணமில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததை இப்னு மாஜாவில் படித்து வளர்ந்தவர்கள் நாம். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்னும் புகாரியின் அறிவிப்பு ஜும்ஆ மேடைகளில் ஒலிக்காத ஊர் இல்லை. இவ்விரண்டையும்விட எங்களை அதிகம் வாட்டியது மற்றொன்று. பணியாள் உணவைக் கொண்டுவந்தால் அவரை உடன் அமர்த்திக்கொள்ள வேண்டும். இயலாவிட்டால் ஓரிரு கவளமேனும் அவருக்குக் கொடுக்கவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்த உணவை ஆக்கும் வெப்பத்தையும் பாட்டையும் தாங்கியவர் அவர்தானே என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. உணவு பற்றிய நம் பாடங்களில் ‘வலக்கையால் உண்ணல்’ என்ற தலைப்பு இருக்கும், ‘பிஸ்மில்லாஹ் கூறல்’ இருக்கும். அடுப்படியில் நின்றவரைப் பற்றிய இந்தச் செய்தியை ‘பணியாளர் உரிமை’ என்ற வேறொரு பாடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். அதனால்தானோ என்னவோ, சாப்பிட அமரும்போது அது நம் நினைவுக்கு வருவதில்லை.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவோம். எங்கள் மகனே சொன்னான். அவர்கள் தாமாக விரும்பிப் போனவர்கள். அந்தச் சான்றிதழ் ஒன்றே அவர்களுக்குப் பிற்காலத்தில் பல மடங்காகப் பயன் தரும். அது கூலி வேலை அன்று, கல்வி. ஃபிக்ஹ் நூல்களிலும் கூலிக்கு அமர்த்துவதற்கும் தானாக முன்வந்து உதவுவதற்கும் வெவ்வேறு சட்டங்கள் இருக்கின்றன. எங்களுக்குத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் இதை வைத்தோம். அவர் சட்டத்தைச் சொல்லுமுன் ஒன்றைக் கேட்டார்: "அந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் அன்றைக்கு உங்கள் மேசைக்குச் சாப்பாடு வந்திருக்குமா?" வந்திருக்காது. ஊதியம் கொடுக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே இப்படித் தொடர இயலாது என்று உணவகமே அறிவித்துவிட்டதே! "அப்படியென்றால் அவர்கள் மாணவர்களா, வேலையாட்களா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்" என்றார். உண்டது ஹராம் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பாவம் உழைப்பைச் சுரண்டியவர்மேல், அறியாமல் உண்ட விருந்தினர்மேல் அன்று. ஆனால் இப்போது அறிந்துவிட்டோமே.

ஹலால் என்ற சொல்லுக்கு அருகிலேயே தய்யிப், அதாவது தூய்மையானது, என்ற சொல்லையும் குர்ஆன் வைக்கிறது. அச்சொல்லை இக்காலத்தில் உடல்நலத்தோடு சுருக்கிவிட்டோம். இயற்கை விவசாயம், வேதிப்பொருள் கலவாமை என்ற அளவில் நின்றுவிடுகிறது பேச்சு. ஹலால் முத்திரை பொறித்த கோழிப் பொட்டலத்தை வாங்கும்போது அறுத்தவரின் பிஸ்மில்லாஹ்வை விசாரிக்கிறோம். அவருக்கு எத்தனை மணி நேர வேலை என்று நம்மில் எவர் விசாரித்தோம்? பள்ளிவாசலுக்குப் பளிங்கும் சரவிளக்கும் வைக்க இலட்சக்கணக்கில் வசூலாகிறது. அதே பள்ளியில் ஐந்து நேரமும் நம்மைத் தொழுகைக்கு அழைக்கும் மோதினாரின் மாதச் சம்பளத்தை வெளியே சொல்ல நிர்வாகம் கூசுகிறது. (இதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.) கோபன்ஹேகன்காரரை நோக்கி நீட்டிய விரல் வெகு விரைவில் நம் தெருப் பக்கம் திரும்பிவிட்டது.

திரும்பவும் செய்தது. சென்ற ஆண்டு காயல்பட்டினத்தில் எங்கள் உறவினர் வீட்டு நிக்காஹ். களரிச் சாப்பாடு, சஹன் விருந்து. ஒரே தட்டைச் சுற்றி இருவர் மூவராக அமர்ந்து உண்ணும் அந்த விருந்தை நோமாவின் இருபது தட்டுகளோடு ஒப்பிட்டுப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். பரிமாறல் ஓய்ந்தபின் கொல்லைப்புறம் சென்றபோது, அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்த நான்கு சிறுவர்களைக் கண்டோம். பதினாறு பதினேழு வயதிருக்கும். அதிகாலையிலிருந்து அங்கே நிற்பவர்கள். பண்டாரியிடம், இந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டோம். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. பிறகு, "தொழில் படிக்க வந்த பசங்க. சாப்பாடு உண்டு, போகும்போது கைச்செலவுக்கு ஏதாவது கொடுப்பேன்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். அவரும் அப்படித்தான் படித்து வந்தவராம்.

கல்யாண வீட்டாரிடம் இதைச் சொல்லத் தயங்கினோம். விருந்துக்கு வந்த இடத்தில் கணக்குக் கேட்பது அழகா என்ற தயக்கம். ஆனால் கோபன்ஹேகனுக்கு மூன்று மின்னஞ்சல்கள் எழுதியவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை என்றால் எப்படி? மணமகளின் தந்தையைத் தனியே அழைத்துச் சொன்னோம். முதலில் முகம் சுருங்கியது. பின், "பண்டாரிக்கு மொத்தமாகப் பேசிக் கொடுத்துவிட்டேனே, மச்சான்" என்றார். பேசியது போதும்தான், அந்தப் பிள்ளைகளின் கைக்கு என்ன போகிறது என்று மட்டும் கேளுங்கள் என்றோம். சற்று நேரம் நின்றார். பிறகு உள்ளே போய், நான்கு உறைகளோடு கொல்லைப்புறம் நடந்தார். திரும்பி வந்து, அந்தப் பிள்ளைகள் அதுவரை சாப்பிடவே இல்லையாம் என்று மெதுவாகச் சொன்னார். ஒரு சஹன் புதிதாக வைக்கப்பட்டது. அவரும் அவர்களோடு அமர்ந்தார்.